ஹட்டன் – நுவரெலியா வீதியில் ஒரு பெற்றோல் செட்: அளவு சரி, விலைதான் தாங்க முடியவில்லை

விலையை வைத்து எந்த பெற்றோல் செட்டையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில் கொழும்பில் அறிவிக்கிற விலைதான் இங்கேயும், கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு ரூபாய் கூடக்குறைய இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் நான் பார்ப்பது அளவு, எண்ணெயின் சுத்தம், ஆட்களை நடத்தும் விதம். இந்த வீதியில் ஆட்டோ ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்றிலும் இங்கே தாராளமாக நம்பிப் போகலாம்.

பம்பில் நிற்கிற தம்பி ஒவ்வொரு முறையும் "அண்ணே, பூச்சியம் பாருங்க" என்று மீட்டரைக் காட்டிவிட்டுத்தான் கையை வைப்பார். அடித்து முடிந்ததும் குழாயைச் சட்டென்று உருவாமல் தூக்கிப் பிடித்து, அதில் நிற்கிற கடைசிச் சொட்டும் டேங்கில் விழுந்த பிறகுதான் எடுப்பார். சந்தேகம் என்று சொன்னபோது முகம் சுளிக்காமல் 5 லீற்றர் அளவுக் கேனைக் கொண்டுவந்து அளந்தே காட்டினார்கள், கோடு சரியாக நின்றது. இன்னொரு செட்டில் (பேர் வேண்டாம்) இதையே கேட்டதற்கு "நம்பிக்கை இல்லாட்டி வேற இடம் பாருங்க" என்றார்கள், அங்கே அடித்த பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்து மழை நேரத்தில் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது, உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிப் பிள்ளை.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது மண்ணெண்ணெய் பம்ப். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து) வரும் அம்மாமார் போத்தலை நீட்டி அரை லீற்றர் கேட்டாலும் வாகனக்காரர்களை நிறுத்திவிட்டு முதலில் அவர்களுக்குத்தான் ஊற்றுகிறார்கள். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெயை ஒரே அடியாக 340 ஆக்கினார்கள், அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய், அதையும் சொன்ன அளவு கொழுந்து பறித்து அன்றைய பேர் போட்டால்தான் தருவார்கள். அந்த அடியில் விறகுக்குத் திரும்பிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாய்க்கு அடித்த ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் கடைசியில் 470. எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்த புதிதில் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மலையில் முதல் கியரிலேயே ஏறுகிற வண்டிக்கு அது எந்த மூலைக்கு? அதே 2022இல் எக்ஸான்மோபில் 55 பில்லியன் டொலருக்கு மேல் இலாபம் பார்த்தது, ஷெல் கிட்டத்தட்ட 40 பில்லியன். எண்ணெய் விலை ஏறினால் உலகம் முழுக்க எல்லாருக்கும் கஷ்டம் என்கிறார்கள், அந்தக் கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? நம்ம அரசாங்கப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அந்த வருடம் பெரிய நட்டத்தில் விழுந்தது உண்மை. ஆனால் 2023இல் சுமார் 120 பில்லியன் ரூபாய் இலாபம் காட்டியது. கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்கென்று லீற்றருக்கு 50 ரூபாய் நம்மிடமிருந்துதான் போகிறது. கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் காரில் போகிறவரும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போகிற ஆயாவும் ஒரே 50 ரூபாயைக் கொடுப்பது நியாயமே இல்லை.

இதில் செட்காரர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. 2025 மார்ச் தொடக்கத்தில் விநியோகஸ்தர்களான செட்காரர்களின் 3 வீதக் கமிஷனில் கூட்டுத்தாபனம் கைவைத்தபோது, அவர்கள் ஓடர் போட மாட்டோம் என்று நின்று நாடு முழுக்க வரிசை வந்ததே, அப்போதும் இங்கே இருந்த எண்ணெயை மறைக்காமல் தீரும்வரை கொடுத்தார்கள். விலை கூடப் போகிறது என்று கதை அடிபடுகிற மாதக் கடைசி மாலைகளிலும் கயிறு கட்டி மூடுவதில்லை. அதற்காகவே நான் வேறு இடம் போவதில்லை.

குறை என்றால், காற்று அடிக்கிற மெஷின் பல மாதமாகப் பழுது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நுவரெலியா போகிற குடும்பங்கள் இதைக் கவனிக்கவும். கார்ட் எடுக்க மாட்டார்கள், காசு கையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவு 9 மணிக்கு முன்பே போய்விடுங்கள்.