தோல் வேலைக்கு ஆன்வில் வாங்கும் முன் கிரானைட் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்

வீட்டிலேயே பர்ஸ், பெல்ட் செய்யத் தொடங்கியவர்கள் அடுத்து கேட்பது எந்த ஆன்வில், அதாவது தோலை மேலே வைத்து அடிக்கும் அடைகல், வாங்கலாம் என்றுதான். நானும் கேட்டேன், ஆன்லைனில் ஒரு குட்டி ஆன்வில் வாங்கவும் செய்தேன். ஒரு கிலோ எடை, எஃகு என்று போட்டிருந்தார்கள், வந்தது பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு. மேல்பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதன்மேல் அடித்த டிக்டிக் பட்டன் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்தே உட்கார்ந்தன, மூன்றாவது வாரம் ஒருபக்கம் கூராக நீண்டிருந்த கொம்பின் முனை உடைந்து விழுந்தது. தயவுசெய்து அந்த மாதிரிப் பொருளில் காசு போடாதீர்கள்.

கொல்லருக்கு அடைகல் சுத்தியலைத் திருப்பி எறிய வேண்டும், அது அவர் கைக்கு உதவி. தோலில் அச்சு அடிக்கிற நமக்கு நேர் எதிர், அடி தோலிலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் எகிறினாலும் அச்சு நகர்ந்து ஒரே பூவுக்கு இரண்டு விளிம்பு விழுந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது எடையும் சமதளமும் மட்டும்தான்.

இரண்டும் கிரானைட்டில் இருக்கிறது. சமையல் மேடைக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைக் கடைக்காரர்கள் ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், நான் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில், 20 மி.மீ. கனத்தில் இரண்டு துண்டு 200 ரூபாய்க்கு வாங்கி, அரால்டைட் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டேன். பத்து கிலோ, அசையவே அசையாது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோலை லேசாக ஈரமாக்கி அதன்மேல் வைத்து அடித்தால் இலையின் நரம்பு வரை தெளிவாக விழுகிறது. (குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் எந்தக் கல்லில் அடித்தாலும் அச்சைப் பிடித்து வைக்காது, அது கல்லின் குற்றமில்லை.) அம்மியையும் முயன்றேன், கொத்திவிட்ட கல் என்பதால் பெல்ட்டின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிட்டது.

ஆனால் துளை போடும் பஞ்ச் கருவியையோ தையல் ஓட்டை போடும் உளியையோ நேராகக் கல்லில் இறக்கிவிடாதீர்கள், ஒரே அடியில் முனை போய்விடும். அதற்குக் கறிக்கடைகளில் இருக்குமே, புளியமரக் கட்டை, அதுதான் சரி. குறுக்கே அறுத்த முகத்தில் மரநார் எல்லாம் நிமிர்ந்து நிற்பதால் உளி அதற்குள் இறங்கும், கூர் மழுங்காது. மரவாடியில் புதிதாக அறுத்து வாங்கி, வெடிக்காமல் இருக்க நிழலில் காயவையுங்கள்.

ரிவெட்டுக்கும் பட்டனுக்கும் மட்டும் இரும்பு வேண்டும், கல்லில் அடித்தால் கல் சில்லு தெறிக்கும். பலரும் தண்டவாளத் துண்டைச் சொல்வார்கள், சொல்வதும் நியாயம்தான், மீட்டருக்கு 52 கிலோ ரகத்தில் 15 செ.மீ. துண்டே எட்டு கிலோவுக்குப் பக்கம் வரும். ஆனால் திருட்டு ரயில்வே இரும்பைக் கையில் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், பில் இல்லாமல் தொடவே வேண்டாம். நான் பழைய இரும்புக் கடையில் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு அங்குலக் கனத்தில் ஒரு எஃகுத் தகடு எடுத்து, லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக்கிக்கொண்டேன். பட்டனின் குமிழ் நசுங்காமல் இருக்கக் குழிவான சின்ன அச்சு தனியாக வேண்டும், அது சென்னை பெரியமேட்டில் கிடைக்கிறது.

அப்புறம், கல்லை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் என் மேசையைப் பற்றிக் கேட்டதும், “தம்பி, மேசை ஆடுச்சுன்னா பாதி அடி அதுக்கே போயிடும், தரையில வச்சு அடிங்க” என்றார். அன்றிலிருந்து தரையில்தான். கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்க அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் ஒன்று போட்டிருக்கிறேன், தடிமனாகப் போட்டால் கல் துள்ளும். இரவு எட்டு மணிக்கு மேல் நான் சுத்தியலை எடுப்பதில்லை.