ராட்சசனா, சுப்ரமணியபுரமா?

ராத்திரிக்கு ஒரே படம்தான், எதைப் போடுவது என்று கேட்கிறவர்களுக்கு.

பதற்றம்: ராட்சசன் (2018). பரிசுப் பெட்டிக்குள் அந்தச் சிதைந்த பொம்மையைப் பார்த்ததும், கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் தலையணையை முகத்தோடு அணைத்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

ஊர்: சுப்ரமணியபுரம் (2008), இதில் மறுபேச்சே இல்லை. இயக்குநர் சசிகுமார் காட்டும் 1980 மதுரையைப் பார்த்தால் எங்கள் அப்பா படத்தை நிறுத்தி நிறுத்தி, அந்தக் காலத்துத் தெருவையும் பெல்பாட்டத்தையும் பற்றிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாம் முறை: ராட்சசனில் கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் பாதி வேகம் போய்விடுகிறது. சுப்ரமணியபுரம் அப்படியில்லை, முடிவு தெரிந்து பார்க்கும்போதுதான் முதல் பாதியில் அந்தப் பையன்கள் சிரிக்கிற சிரிப்பு நெஞ்சை அடைக்கிறது, ஏனென்றால் அவர்களை அழிவில் தள்ளிவிட்டது பணத்தாசை இல்லை, கூட இருந்தவர்மேல் வைத்த நம்பிக்கை.

சின்னப் பிள்ளைகள்: இரண்டுமே வேண்டாம். ராட்சசனில் பலியாவதே பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சரி, நாலு பேர் கூடி உட்கார்ந்து பயப்பட வேண்டுமா, ராட்சசன். படம் முடிந்தும் தூக்கம் வராமல் மொட்டைமாடியில் கூட்டாளியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டுமா, சுப்ரமணியபுரம். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான்.