நெரிசலான நிலையங்களில் பல்சமய வழிபாட்டு அறைகள்: ஒரு மதிப்பீடு

பெரிய விமான நிலையங்களிலும் ரயில் சந்திப்புகளிலும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக ஒதுக்கப்படும் வழிபாட்டு அறைகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பயணிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் வசதிகளில் இவற்றை மிக உயர்வாக மதிக்கிறேன். அதனாலேயே பல இடங்களில் இவை அரைகுறையாக அமைக்கப்பட்டிருப்பது வருத்தம் தருகிறது. சுவரில் எந்தச் சமயச் சின்னமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அறை எல்லோருக்கும் உரியதாகிவிடும் என்று அமைப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் வழிபாட்டில் உடம்புக்கும் பங்கு உண்டு. ஒருவர் நெற்றி தரையில் பட வணங்குவார், இன்னொருவர் முழந்தாளிடுவார், வேறொருவர் சம்மணமிட்டு அரை மணி நேரம் அசையாமல் இருப்பார். முழங்கால் மடங்காதவருக்கோ நாற்காலி வேண்டும். இவர்கள் அனைவருக்கும் அந்த அறை இடங்கொடுக்கிறதா என்பதே என் அளவுகோல்.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தொழுகைக்கு முன் முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கணுக்கால் வரை பாதங்களையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி ஒளு செய்ய வேண்டும். தாழ்வான குழாயும் உட்கார ஒரு மேடையும் தரையில் வடிகாலும் இருந்தால் இது சில நிமிட வேலை. இவை இல்லாத நிலையங்களில், வயதான ஒருவர் பொதுக் கழிவறையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு உயரத்தில் இருக்கும் கைகழுவும் தொட்டிக்குள் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக் கழுவுவதைக் காணலாம். தரை ஈரமாகிறது, அடுத்து வருபவர் வழுக்குகிறார், துப்புரவுப் பணியாளருக்கு வேலை கூடுகிறது. கடைசியில் ‘இங்கே கால் கழுவக் கூடாது’ என்ற அறிவிப்பு ஒட்டப்படுகிறது. வழிபாட்டு அறையின் கூரையில், தொழுவோர் நோக்கும் மக்காவின் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி வரைந்துவிட்டு, பக்கத்துக் கழிவறையில் இப்படி ஓர் அறிவிப்பையும் ஒட்டுவது ஒரே நிர்வாகம்தான். குழாயைத் திட்டமிடும் போதே வைத்திருந்தால் இந்தச் சங்கடம் யாருக்கும் வந்திராது.

அடுத்தது ஒலியும் ஒளியும். நான் அடிக்கடி கடந்து செல்லும் ஒரு பெரிய விமான நிலையத்தின் அமைதி அறையில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தியானத்தில் இருப்பவர் அசைவதில்லையே! சில நிமிடங்களில் அறை முழுவதும் இருண்டுவிடுகிறது. யாராவது கையை வீசி விளக்கை மீண்டும் எரியவிட வேண்டும். அதே அறையில் கூரை ஒலிபெருக்கி விமான அறிவிப்புகளை முழுச் சத்தத்தில் ஒலிபரப்புகிறது. விமானத்தைத் தவறவிடக் கூடாது என்ற அக்கறை நியாயமானதே; எனினும் கதவுக்கு வெளியே ஓர் அறிவிப்புத் திரையும், உள்ளே சத்தம் குறைக்கப்பட்ட ஒலிபெருக்கியும் அந்தத் தேவையை நிறைவேற்றிவிடும். காலணி அடுக்க நிலைப்பேழை, பெட்டிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள இடம், சத்தமின்றி மூடும் கதவு ஆகியவற்றை எந்த நிர்வாகமும் எளிதில் செய்து தரலாம்.

இந்த அறைகள் பயணிகளுக்கு மட்டுமே உரியவை என்று கருதுவதும் சரியன்று. அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 1951-இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கச் சிற்றாலயம் முதன்மையாக அங்கே வேலை செய்தவர்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 1960-களில் கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட் பிரிவினர், யூதர் ஆகியோருக்குத் தனித்தனி ஆலயங்கள் அருகருகே நின்றன. விரிவாக்கத்தின் போது அவை இடிக்கப்பட்டன. சமயங்கள் பெருகி இடம் சுருங்கச் சுருங்க, ஒரே அறையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது. அந்த அறைக்குத் தினமும் வருபவர்கள் இன்றும் சுமை தூக்குபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வாடகைக்கார் ஓட்டுநர்கள் போன்றவர்களே. பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் மட்டும் அறை வைத்தால், ஓட்டுநரும் வழியனுப்ப வந்த குடும்பமும் அதை அணுக முடியாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அறை தேவை என்பது என் உறுதியான கருத்து.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் மெட்ரோவும் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் சேர்ந்த காம்ப்பி பகுதியில், 2012-இல் மரத்தாலான மௌன ஆலயம் ஒன்று திறக்கப்பட்டது. சன்னலில்லாத வளைந்த சுவர்கள் சதுக்கத்தின் இரைச்சலைத் தடுக்கின்றன. கூரையின் விளிம்பை ஒட்டி மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. திருச்சபையின் பொறுப்பில் இருந்தாலும் அங்கே வழக்கமான ஆராதனைகள் நடப்பதில்லை. திருச்சபை ஊழியர்களோடு நகராட்சியின் சமூகநலப் பணியாளர்களும் இருப்பதால், மனம் விட்டுப் பேச விரும்புகிறவருக்கும் ஆள் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் முதன்மை ரயில் நிலையத்தில் 2001 முதல் கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள் கூட்டாக நடத்தும் சிற்றாலயத்திலும் முன்பதிவின்றி ஆலோசகரிடம் பேசலாம். பொறுப்பாளர் ஒருவர் இருக்கும் அறைக்கும், சாவியை மட்டும் பராமரிப்புப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்ட அறைக்கும் உள்ள வேறுபாடு உள்ளே நுழைந்ததும் தெரியும். பின்னதில் விரிப்புகள் துவைக்கப்படாமல் கிடக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டு உறங்குபவர்கள் இடத்தை அடைத்திருப்பார்கள். உரக்க ஜெபிப்பவருக்கும் மௌனம் நாடுபவருக்கும் இடையே இதமாகப் பேசி இணக்கம் செய்ய ஆள் இருக்காது.

எனவே இந்தச் சேவைக்கு மதிப்பெண் தரச் சொன்னால், வசதி இருப்பதற்காகவே ஐந்தில் மூன்று தருவேன். நான்காவது மதிப்பெண் தண்ணீருக்கு, ஐந்தாவது பொறுப்பாளருக்கு. பயன்படுத்த நினைப்பவர்கள் நிலையத்தின் வரைபடத்தில் முழந்தாளிட்ட உருவத்தைத் தேடுங்கள். தென்படாவிட்டால் தகவல் மையத்தில் கேட்டு, அறை சோதனைக்கு எந்தப் பக்கம் உள்ளது என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்த விரிப்போ துண்டோ கையில் இருப்பது நல்லது. தீ எச்சரிக்கைக் கருவிகள் இருப்பதால் ஊதுபத்தியோ விளக்கோ ஏற்றக் கூடாது. குறை கண்டால் வெளியேறும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள். விளக்கின் அணையும் நேரத்தை நீட்டிப்பது போன்ற திருத்தங்களுக்குப் பெரிய செலவு ஆகாது.