சப்நாட்டிகா: துப்பாக்கி கிடையாது, மூச்சுதான் கணக்கு

வேற்றுக் கிரகத்தில் இறங்கி, கண்டதையெல்லாம் சுட்டுத்தள்ளும் கேம் வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள். 4546பி என்ற அந்தக் கிரகம் கிட்டத்தட்ட முழுக்கக் கடல். அரோரா என்ற ராட்சதக் கப்பல் விழுந்து நொறுங்க, லைஃப்பாட் 5 என்ற சின்ன மிதவையில் நீங்கள் மட்டும் மிஞ்சுகிறீர்கள். கத்தி கிடைக்கும். பிராணியைச் சில நொடி உறைய வைக்கும் ஸ்டேசிஸ் ரைஃபிளும் கிடைக்கும். சுட்டுக் கொல்கிற துப்பாக்கி மட்டும் கடைசி வரை வராது. அது இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் வேண்டுமென்றே எடுத்த முடிவு. அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் முழுதாக வெளியிட்ட இந்த கேம் இன்றும் பயமுறுத்துகிறது என்றால் பாதிக் காரணம் அதுதான்.

லெவல் என்று தனியாக எதுவும் இல்லை. எவ்வளவு ஆழம் போகிறீர்களோ அதுதான் லெவல். ஆக்ஸிஜன் டேங்க் இல்லாமல் 45 விநாடி மூச்சு. 3 டைட்டானியத்தில் சாதா டேங்க் செய்து மாட்டினால் 75 விநாடி, ஹை கெப்பாசிட்டி டேங்க் என்றால் 135. 100 மீட்டரைத் தாண்டினால் அதே காற்று வேகமாகத் தீரும். ரீபிரீதர் என்ற மூச்சுக் கவசம் போட்டால்தான் சரியாகும். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களைப் போல, முங்கும்போதே மேலே ஏறுவதற்கான மூச்சையும் ஒதுக்கி வைக்க வேண்டும். ‘30 விநாடி’ என்று எச்சரிக்கைக் குரல் வரும்போது திறந்த கடலில் இருந்தால் தப்பித்துவிடலாம். உடைந்த கப்பலுக்குள்ளோ குகைக்குள்ளோ இருந்தால், வந்த வழியைத் தேடுவதிலேயே அந்த 30 விநாடி போய்விடும். புதிதாக ஆடுகிறவர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், மீன் கடித்து அல்ல.

தொடங்கியதும் சுண்ணாம்புக் கல் உருண்டைகளை உடையுங்கள். டைட்டானியமோ செம்போ வரும். கப்பல் தகடு ஒன்று கிடைத்தால் அதிலிருந்து 4 டைட்டானியம். 2 ஆசிட் காளானும் 1 செம்பும் சேர்த்தால் பேட்டரி. பேட்டரியோடு 1 டைட்டானியம் சேர்த்து முதலில் ஸ்கேனரைச் செய்துவிட வேண்டும். உடைந்த பாகங்களை ஸ்கேன் செய்தால்தான் அந்தப் பொருளின் செய்முறை கிடைக்கும்; அது இல்லாமல் சீகிளைடின் (கையில் பிடித்து வேகமாக நீந்த உதவும் கருவி) பாகங்களைக் கண்ணால் பார்த்தும் பயனில்லை. குடிதண்ணீருக்கு பிளாடர்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்தால் ஆரம்பத்துக்குப் போதும். பிறகு உப்பும் குழாய்ப் பவளத் துண்டும் சேர்த்து பிளீச் செய்து, அதில் 2 பாட்டில் சுத்தத் தண்ணீர் எடுப்பதுதான் லாபம். பொரித்த மீன் கெட்டுப்போகும். உப்பிட்டதைக் கருவாடாக எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், ஆனால் தின்றால் தாகம் கூடும். கடலோர உவரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீமாத் என்ற சின்ன நீர்மூழ்கி வந்த பிறகுதான் கேம் விரிகிறது. முதலில் வண்டிகளைச் செய்துதரும் மொபைல் வெஹிக்கிள் பே. அதற்கும் சீமாத்துக்கும் ஆளுக்கொரு டைட்டானியம் இங்காட், அதாவது மொத்தம் 20 டைட்டானியம். சீமாத்துக்கு அதோடு பவர் செல், 2 கண்ணாடி, லூப்ரிகன்ட், ஈயம். 200 மீட்டர் வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் வண்டியின் உடல் நசுங்கத் தொடங்கும். டெப்த் மாட்யூல் ஏற்றிக்கொண்டே போனால் 900 வரை இறங்கும். அதற்கும் கீழே பிரான் சூட் என்ற இயந்திர உடையும் சைக்ளாப்ஸ் என்ற பெரிய நீர்மூழ்கியும்தான். சைக்ளாப்ஸ் மாட்டு வண்டி வேகம். ஆனாலும் உள்ளேயே செடி வளர்த்து, லாக்கர் அடுக்கி, குடித்தனம் நடத்தலாம்.

பேஸ், அதாவது கடலடி வீடு, கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அழகுக்காகக் கண்ணாடித் தாழ்வாரமாக நீட்டிக்கொண்டே போவார்கள். உறுதி எண் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் உள்ளே புகும். ஆழம் கூடக் கூட அதே கண்ணாடி இன்னும் அதிகமாக உறுதியைத் தின்னும். ஒரு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் (சுவர் வலுவூட்டல்) 7 புள்ளி கூட்டும், ஃபவுண்டேஷன் (அடித்தளம்) 2. முதலில் இவற்றைப் போட்டு, அப்புறம் ஜன்னல் வைத்தால் வீடு நனையாது.

அரோராவுக்குள் போக ரேடியேஷன் சூட் கட்டாயம்: 2 ஈயம், 2 ஃபைபர் மெஷ். மூக்குப் பக்கமாகப் போங்கள். பின்னால், எஞ்சின் பக்கம் ரீப்பர் லெவியாதன் என்ற ராட்சதப் பிராணி சுற்றுகிறது. சீமாத்தை வாயில் பிடித்து ஆட்டும்போது கண்ணாடிக்கு அப்பால் நான்கு கொடுக்கும் அந்த முகமும் திரையை நிறைக்கும். ரெண்டு மூணு பிடிக்கு மேல் வண்டி தாங்காது. அதன் உறுமல்தான் அதற்கு சோனார், அதாவது எதிரொலியை வைத்து இரையைக் கண்டுபிடிக்கும் வழி. உங்களுக்குக் கேட்கிறதென்றால் அதற்கும் உங்களைத் தெரிந்திருக்கும். அதனால் ஹெட்போன் இல்லாமல் ஆடாதீர்கள். உள்ளே போனதும் ரியாக்டரில் இருக்கும் 11 கசிவையும் ரிப்பேர் டூலால் அடைத்தால் கதிர்வீச்சு ஒழியும்.

குறைகளும் உண்டு. மேப் கிடையாது. பீக்கன் என்ற அடையாள மிதவையை (1 டைட்டானியம், 1 செம்பு) நட்டுப் பேர் வைத்துக்கொண்டே போக வேண்டும். ‘வண்ணாரப்பேட்டை’, ‘ஜங்ஷன்’ என்று வைத்தால் வழி மறக்காது. அடுத்து எங்கே போவது என்பதற்கான குறிப்பு முழுக்க ஆங்கிலப் பதிவுகளுக்குள் புதைந்து கிடக்கிறது, தமிழ் கிடையாது. படிக்காமல் தாண்டுகிறவர்கள் நடுவில் எதுவும் புரியாமல் விட்டுவிடுகிறார்கள். சைக்ளாப்ஸ் பாகம் தேடும் கட்டம் உண்மையிலேயே இழுவை.

குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், இன்டெல் எச்டி 4600, 20 ஜிபி இடம் என்கிறார்கள். நம்ம ஊரில் பலரிடம் இருக்கும் பழைய லேப்டாப்பிலும் ஓடும், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க்கில் போட்டால், கடல்தரை துண்டு துண்டாக லோடாகி, பாறை உங்கள் மூக்குக்கு முன்னால் திடீரென முளைக்கும். எஸ்எஸ்டியில் அது வெகுவாகக் குறையும், முழுக்கப் போகாது.

ஆட்டோசேவ் கிடையாது. கரண்ட் போனால் கடைசியாக நீங்களே சேவ் செய்த இடத்துக்குத்தான் திரும்புவீர்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் பேஸுக்குத் திரும்பும்போதெல்லாம் சேவ் பண்ணுங்கள், மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஆட உட்காராதீர்கள். மணிக்கணக்கில் காசு வாங்கும் கேமிங் சென்டருக்கும் இது தோதுப்படாது; காளான் பொறுக்குவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

பசி, தாகம் தொல்லையென்றால் ஃப்ரீடம் மோடு எடுங்கள், ரீப்பர் அப்போதும் இருக்கும். ஹார்ட்கோரில் ஒரே உயிர், ஆக்ஸிஜன் எச்சரிக்கைக் குரலும் வராது. முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். 2021இல் வந்த அடுத்த பாகமான பிலோ ஜீரோவை இதை முடித்த பிறகு எடுங்கள். அதில் கரையில் நடப்பது கூடுதல், கடல் சிறியது.