டைல்ஸ் முழுவதையும் உடைக்காமல் எங்கள் நீச்சல் குளத்தைச் சரிசெய்தவர்கள்

நீலாங்கரையில் 18 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், 2004-ல் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை ஆழம். என் பேத்தி நீந்தப் பழகியது இதில்தான். இரண்டு வருடமாக ஆழமான பக்கச் சுவரில் நீளமாக ஒரு விரிசல், தரையெங்கும் பழுப்புத் திட்டுகள். தண்ணீரும் நிற்கவில்லை. "இறங்கவே அருவருப்பா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்ததும், பராமரிப்பைக் கவனிக்கும் நான் ஆள் தேடினேன்.

முதலில் ஒரு நிறுவனம் நவம்பரில், நல்ல மழைக்கு நடுவே வந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, நாளைக்கே தண்ணீரை இறைத்து டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டலாம், நாலரை லட்சம் ஆகும் என்றார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நாலடி தோண்டினாலே தண்ணீர். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் நிலத்தடி நீர் வெற்றுத் தொட்டியை அடியிலிருந்து தூக்கும், புது விரிசலும் விழும். அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மே மாதம் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியும் இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் நாள் உளியையே எடுக்கவில்லை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் வைத்து, வாளிக்குள் ஒரு கோடு, குளத்தின் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். மறுநாள் வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, அது வெயில் குடித்தது. குளத்தில் 20. அந்த 14 மில்லிமீட்டர் என்பது தினமும் 840 லிட்டர், இரண்டு வாரத்துக்கு ஒரு டேங்கர் தண்ணீர். மோட்டாரை நிறுத்தி வைத்தும் அதே அளவு குறைந்ததால், கசிவு குழாயில் இருக்க வாய்ப்பு குறைவு, தொட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அப்புறம் நீரில் இறங்கி, ஊசி மருந்துக் குழலில் கலர் மையை எடுத்து ஒவ்வொரு விரிசலருகிலும் மெதுவாக விட்டார். நாங்கள் எல்லோரும் பயந்த அந்த நீள விரிசலில் மை அப்படியே மிதந்து நின்றது. அது மேல்பூச்சு விரிசல் மட்டும். நீருக்குள் இருக்கும் விளக்கின் சட்டத்தைச் சுற்றி விட்ட மை சட்டென்று உள்ளே போய்விட்டது! கீழ்ப்படியோரம் ஒரு நாலடி விரிசலிலும் அப்படியே.

கறைக்கும் இதே பொறுமைதான். ஒரு வைட்டமின் சி மாத்திரையைப் பழுப்புத் திட்டில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். எடுத்தால் மாத்திரை அளவுக்கு வெள்ளை வட்டம். அப்படியானால் இரும்புக் கறை, எங்கள் போர் தண்ணீர் தந்தது. ஏணியடியில் இருந்த பச்சை குளோரினுக்குப் போனது, அது பாசி. இரும்புக்கு, குளோரினைச் சுத்தமாக இறங்கவிட்டு ஒரு கிலோ அஸ்கார்பிக் அமிலத் தூள் போட்டார்கள். குளோரின் இருந்தால் அந்தத் தூளைத் தின்றுவிடுமாம். அன்று மாலையே தரையின் நீலம் தெரிந்தது. என் கண்ணை நம்ப முடியவில்லை. சில வருடம் முன்பு வேறொருவர் ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் டைல்ஸ் இடுக்கு சிமெண்டெல்லாம் கரைந்துபோனது. இவர்கள் ஆசிட் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

ஒரு கறை மட்டும் போகவில்லை. அந்த இடத்து டைலைப் பெயர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகே குளத்தை இறைத்தார்கள். கம்பியைத் தேய்த்துத் துரு தடுக்கும் பூச்சு அடித்தார்கள். படியோர விரிசலை வி வடிவில் வெட்டி பாலிமர் கலவை அடைத்தார்கள், விளக்குச் சட்டத்தைச் சுற்றியும் இடுக்குகளிலும் எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பசையை வைத்தார்கள். ஏழு நாள் காயவிட்டு, ஆறு டேங்கரில் நிரப்பினோம். தண்ணீர்ச் செலவு தவிர 78,000 ரூபாய்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர்கள் 19 நாள் எடுத்தார்கள், குழந்தைகளின் விடுமுறையில் பாதி போயிற்று. மாற்றிய டைல்ஸின் நீலம் பழையதோடு ஒத்துப்போகவில்லை, படியோரம் திட்டாகத் தெரிகிறது. எழுதிய ரசீதை மூன்று முறை கேட்டு வாங்கினேன். குளோரினை மெதுவாக ஏற்றச் சொன்னதையும், இரும்பைப் பிடித்துவைக்கும் திரவத்தை மாதாமாதம் ஊற்றச் சொன்னதையும் வாயால் சொன்னதோடு சரி, ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம்.

நிரப்பி ஒரு வாரம் கழித்து நானே வாளியை வைத்துப் பார்த்தேன். வாளியிலும் 6, குளத்திலும் 6. மேஸ்திரியின் எண் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன். ஆனால் கோடையில் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் குளத்தை இறைக்க வரமாட்டேன் என்று அவரே சொல்லிவிடுவார்.