ஒரே கோர்ட், எட்டுப் பேர்: செட்டிநாட்டு மாலை டென்னிஸுக்கு எந்த ஆட்டமுறை?

நவம்பர் கடைசியில் காரைக்குடியில் சூரியன் 5.50-க்கே மறைந்துவிடும். ஜூலையில் 6.40 வரை நிற்கும், ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் கோர்ட்டில் கால் வைக்க முடியாத வெயில். விளக்கு இல்லாத கோர்ட்டில் மாலை ஆட்டம் என்பது வருஷம் முழுக்க ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்தான். ஒரே கோர்ட், அதில் நாலு பேர், வேலியோரப் பெஞ்சில் இன்னும் நாலு பேர் என்றால் அந்த நேரத்தை எப்படிப் பங்கு வைப்பது?

ஆட்டமுறைகளை இங்கே ஒரே அளவுகோலால் அளக்கிறோம். பெஞ்சில் இருப்பவருக்கு, தான் எப்போது உள்ளே போவோம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

முழு செட் இந்த அளவுகோலில் தோற்றுவிடுகிறது. ஆறு கேம், இரண்டு கேம் வித்தியாசம், 6-6 ஆனால் டை-பிரேக் என்ற முடிவுக் கேம். ஆறு கேமிலும் முடியலாம், பதின்மூன்றும் போகலாம். டியூஸ் (40-40 சமநிலை), அட்வான்டேஜ் (ஒரு பாயிண்ட் முன்னிலை), மறுபடி டியூஸ் என்று இழுக்கும் கேமுக்கு உச்சவரம்பே கிடையாது. டபுள்ஸில் அரை மணிக்கும் முடியும், ஒரு மணி நேரமும் ஆகும். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தவர் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? சரியாக நாலே பேர் வந்த நாளுக்கும், போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கும் முழு செட் அருமையானது. மற்ற நாட்களில் வேண்டாம்.

நோ-அட், அதாவது அட்வான்டேஜ் இல்லாத முறையில் 40-40 ஆனதும் ஒரே பாயிண்ட்டில் கேம் முடிந்துவிடும். ஒரு கேமுக்கு அதிகபட்சம் ஏழு பாயிண்ட். அந்தக் கடைசி சர்வீஸை வலப்பக்கத்தில் வாங்குவதா இடப்பக்கத்திலா என்று தீர்மானிப்பது வாங்கும் ஜோடி. அதற்காக இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கூடாது. கலப்பு இரட்டையரில் இந்தத் தேர்வு கிடையாது. சர்வீஸ் போடுவது ஆண் என்றால் எதிர்ப்பக்க ஆணும், பெண் என்றால் பெண்ணும் வாங்க வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. தேர்வை ஜோடியிடம் விட்டால் எப்போதும் பலமானவரே வாங்குவார். புதிதாகக் கற்பவருக்கு மாலை முழுவதும் ஒரு முக்கியமான பாயிண்ட்கூடக் கிடைக்காது. முதல் டியூஸ் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று மாறி மாறி வைத்துக்கொள்வது மன்றத்துக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுதான், விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனாலும் நட்பு ஆட்டத்துக்கு அதுவே நல்லது.

குட்டி செட் என்றால் முதலில் நாலு கேம், இரண்டு வித்தியாசம், 4-4-ல் டை-பிரேக். இருபதிலிருந்து முப்பது நிமிடம். மோசமில்லை. டை-பிரேக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலாமவர் வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு சர்வீஸ் போடுவார். அடுத்தவர் தன் முதல் சர்வீஸை இடப்பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டு போடுவார். அதன்பின் ஆளுக்கு இரண்டிரண்டு. ஆறு பாயிண்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாற்றம். இரண்டாமவரும் பழக்கதோஷத்தில் வலப்பக்கமே போய் நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நடுவில் கண்டுபிடித்தால் ஆடிய பாயிண்ட் செல்லும், அந்த இடத்திலிருந்து திருத்திக்கொள்ள வேண்டியதுதான். முறை தவறி ஒருவர் சர்வீஸ் போட்டாலும் இப்படித்தான்: கேமின் நடுவில் தெரிந்தால் உடனே உரியவர் போட வேண்டும், கேம் முடிந்தபிறகு தெரிந்தால் அந்த செட் முழுக்க மாறிய வரிசையே தொடரும்.

மணியடித்து மாற்றும் முறையும் உண்டு. இருபது நிமிடம், மணி அடித்ததும் நடக்கும் பாயிண்ட்டை முடித்து வெளியேறுவது. நேரம் துல்லியமாகத் தெரியும் என்பதால் பெஞ்சுக்கு இது பிடிக்கும். ஆனால் முன்னணியில் இருப்பவர் கடைசி ஐந்து நிமிடம் பந்து பொறுக்குவதிலேயே கழித்துவிடலாம். இரண்டு பாயிண்ட்டுக்கு நடுவே 25 வினாடி என்ற விதியைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு சரியாகும். ஆனாலும் ஒருவர் இரண்டு கேம் சர்வீஸ் போட்டிருப்பார், இன்னொருவர் ஒன்றே ஒன்று.

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பது நாலு கேம் சுற்று. நாலு பேரும் ஆளுக்கு ஒரு கேம் சர்வீஸ் போடுவார்கள், அத்துடன் சுற்று முடிந்தது. 2-2 வந்தால் சமன், டை-பிரேக் கிடையாது. நோ-அட்டும் சேர்த்தால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் முடியும். ஐந்து பேர் வந்த நாளில் இதன் அழகு தெரியும். ஆளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். முதல் சுற்றில் 1 வெளியே, 2-5 ஜோடி 3-4 ஜோடியுடன் ஆடட்டும். அடுத்து 2 வெளியே, 1-3 எதிர் 4-5. பிறகு 3 வெளியே, 2-4 எதிர் 1-5. பிறகு 4 வெளியே, 3-5 எதிர் 1-2. கடைசியில் 5 வெளியே, 1-4 எதிர் 2-3. ஐந்து சுற்றில் எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஜோடி சேர்ந்திருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரே ஒரு சுற்றுதான் பெஞ்சில் இருந்திருப்பார். ஆறு பேர் என்றால் மூன்று சுற்றில் ஆளுக்கு ஒருமுறை ஓய்வு. எட்டுப் பேருக்கு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு நால்வரிலிருந்தும் இருவரை மாற்றிப் போட்டால் போதும்.

“ஜெயித்தவர் நிற்கட்டும்” என்ற பழைய வழக்கத்தை விடச் சிலருக்கு மனம் வராது. ஆட்டத்தில் சூடு இருக்கும் என்பது அவர்கள் வாதம், அது உண்மையும்கூட. ஆனால் பலமான இரண்டு பேர் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் மாலை முழுக்க அவர்கள் இறங்க மாட்டார்கள். கல்லல், புதுவயல் பக்கமிருந்து வண்டி ஓட்டி வந்த புதியவர் கால் மணி நேரம் ஆடிவிட்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். அவர் அடுத்த வாரம் வரமாட்டார். வந்த வரிசைப்படி வேலியில் ராக்கெட்டைச் சாய்த்து வைப்பதே சண்டையில்லாத வழி.

இனி கோடு. பந்து கோட்டில் துளி பட்டாலும் உள்ளேதான், இதில் கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபாடு இல்லை. தீர்மானிக்கும் வழிதான் வேறு. நம் பக்கச் செம்மண் கோர்ட்டில் பந்து தடம் விடும். சந்தேகம் வந்தால் ஆட்டத்தை அப்போதே நிறுத்தி, தடத்தைப் பார்க்கலாம். தடத்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே மண் தெளிவாகத் தெரிந்தால் அவுட். தெரியாவிட்டால் உள்ளே. எந்தத் தடம் என்பதில்தான் தகராறு வரும். நாலு சுற்று ஆடிய கோர்ட்டில் பேஸ்லைன் (பின்கோடு) அருகே பத்துத் தடம் கிடக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கோட்டோரத்தைச் சாக்கால் இழுத்துவிட்டால் பாதித் தகராறு குறையும். சிமெண்ட் கோர்ட்டில் தடம் கிடையாது. அங்கே பந்து விழுந்த பக்கத்தார் சொல்வதே முடிவு, அவர்களுக்குச் சந்தேகம் என்றால் பாயிண்ட் எதிர்ப்பக்கத்துக்கு. “சரியாப் பார்க்கலை, மறுபடி ஆடலாம்” என்று லெட் கேட்பது முறையில்லை. ஸ்கோர் மறந்துபோனாலும் இதே நேர்மைதான் வேண்டும்: இருதரப்புக்கும் நினைவிருக்கும் பாயிண்ட்டுகளைக் கூட்டி அங்கிருந்து தொடருங்கள். சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் முன் ஸ்கோரைச் சத்தமாகச் சொன்னால் இந்த நிலையே வராது.

பெரியவர் ஒருவர் தவறாக அவுட் சொன்னால் என்ன செய்வது? நெட்டுக்கு வந்து, “அண்ணே, தடம் பார்க்கலாமா?” என்று ஒரே முறை கேளுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆனால் அவருடைய ஜோடி பந்தை உள்ளே பார்த்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஒரே ஜோடிக்குள் கருத்து மாறினால் பந்து உள்ளே என்றுதான் கணக்கு. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டால் எதிர்ப்பக்கத்துக்கு அநியாயம்.

விருந்தாளி விஷயம் செட்டிநாட்டில் தனி. கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குடும்பங்கள் ஊருக்கு வரும் நாட்களில் இரண்டு மூன்று புது முகம் ராக்கெட்டோடு வந்து நிற்கும். “வாங்க” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சைக் காட்ட இந்த ஊர்க்காரர்களுக்கு வராது, முதல் சுற்றே அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் சுற்றில் முன்னுரிமை, அதன்பின் வரிசை என்று வைத்துக்கொண்டால் உபசாரமும் நிற்கும், உறுப்பினர்களுக்கும் குறை வராது. அழைத்து வந்த உறுப்பினர் அன்று தானும் ஒரு சுற்று விட்டுக்கொடுக்கலாம், மூன்று பந்து டப்பா ஒன்றும் அவர் பொறுப்பு. விருந்தாளியின் ஷூவை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தடித்த அடிப்பள்ளம் உள்ள ஓட்டக்காலணி மண் கோர்ட்டைக் கீறிவிடும், மறுநாள் தண்ணீர் தெளித்து ரோலர் இழுத்தாலும் அந்தப் பள்ளத்தில் பந்து கோணிப் போகும்.

பந்துக்குச் சந்தா நல்லதா, முறைவைத்து வாங்குவது நல்லதா? சந்தாதான். முறை வைத்தால் பழைய டப்பாவோடு வருபவர் ஒருவராவது இருப்பார். டப்பா திறந்த பந்து உபயோகிக்காமல் வைத்தாலும் காற்றழுத்தம் இழக்கும். விதிப்படி 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 135-லிருந்து 147 வரை எழும்ப வேண்டும். புதுப் பந்தையும் பழையதையும் தலை உயரத்திலிருந்து ஒன்றாக விட்டுப் பாருங்கள், பழையது நன்றாகத் தாழ்ந்து நின்றால் அதைப் பயிற்சிக் கூடைக்கு மாற்றிவிடலாம். மார்கழிக் காலை ஆட்டத்தில் மட்டும் கணக்கு வேறு: பனியில் நனைந்த கோர்ட்டில் பந்து ஈரமும் செம்மண்ணும் ஏறிக் கனத்துவிடும். அந்த நாட்களில் நேற்றைய பந்தை எடுத்து ஆடிவிட்டு, புது டப்பாவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.