ஒற்றைத் துண்டா, இரட்டைத் துண்டா: பூப்பந்து (பேட்மிண்டன்) மட்டைக்கு நரம்பு கட்டும் இரு முறைகள்

கடைகளில் ‘கட்டிங்’ (gutting) என்று சொல்லப்படும் நரம்பு கட்டும் வேலையை, நரம்பை இழுத்து இறுக்கும் எடைக்கோல் வைத்த சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே செய்யத் தொடங்கியபோது, நான் முதலில் கற்றது ஒற்றைத் துண்டு முறையைத்தான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரட்டைத் துண்டு முறைக்கு மாறினேன். என் சொந்த மட்டைகளுக்கு இனி அதை விடுவதாக இல்லை.

ஒரே நரம்பால் 22 நெடு நரம்புகளையும் இழுத்து, மிஞ்சும் நீண்ட முனையாலேயே குறுக்கு நரம்புகளையும் பின்னி இரண்டு முடிச்சுகளோடு முடிப்பது ஒற்றைத் துண்டு முறை. இரட்டைத் துண்டில் நெடுக்குக்கும் குறுக்குக்கும் தனித்தனி நரம்பு, ஆக மொத்தம் நான்கு முடிச்சுகள்.

முடிச்சைப் பொறுத்தவரை ஒற்றைத் துண்டே மேல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முடிச்சு இறுகும்போது அதையொட்டிய ஓர நரம்பு சற்றுத் தளர்ந்துவிடுகிறது. நான்கு முடிச்சு என்றால் நான்கு இடங்களில் அந்த இழப்பு உண்டு. கடைசி இழுப்பில் இறுக்கத்தை இரண்டு பவுண்டு கூட்டி வைத்து இதை ஓரளவு ஈடுசெய்கிறேன். 10 மீட்டர் பொட்டலத்தை இரண்டாக வெட்டும்போது, ஒவ்வொரு முனையும் இயந்திரத்தின் இழுப்பான் வரை எட்ட வேண்டியிருப்பதால், நரம்பும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது.

ஆனால் என்னை மாற்றியது பிரேமின் வடிவம். 24 பவுண்டில் 22 நெடு நரம்புகளை இழுக்கும்போது, கணக்குப்படி மட்டையின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே ஏறத்தாழ 240 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை விழுகிறது. இயந்திரத்தின் பிடிப்பான்கள் எவ்வளவு தாங்கினாலும், பிரேம் நீளத்தில் குறுகி அகலத்தில் விரியவே பார்க்கும்; அதைப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவருவது குறுக்கு நரம்புகளின் பொறுப்பு. அவை நெடு நரம்புகளோடு உராய்ந்து கொண்டே இறுகுவதால் இயந்திரம் காட்டும் இறுக்கம் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவேதான் குறுக்குக்கு ஒன்றிரண்டு பவுண்டு கூட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. இறுக்கத்தை மாற்றுவது ஒற்றைத் துண்டிலும் இயலும். அதில் இயலாதது, குறுக்கு நரம்பு எந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பது. கடைசி நெடு நரம்பு எங்கே முடிகிறதோ, அதையொட்டித்தான் குறுக்கு தொடங்கியாக வேண்டும். தயாரிப்பாளர் தரும் கட்டுமுறைப் படம் வேறொரு துளையைக் காட்டினால், ஒற்றைத் துண்டுக்காரர் நரம்பைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக வேண்டும், அல்லது அந்தப் படத்தைப் புறக்கணிக்க வேண்டும்.

நான் அதைப் புறக்கணித்தேன். ஒரு மட்டையை மேலிருந்து கீழாக ஒற்றைத் துண்டில் ஐந்தாறு முறை கட்டிய பிறகு, கட்டுவதற்கு முன்னும் பின்னும் அளவுகோலால் அகலத்தை அளந்து பார்த்தபோது, கட்டி முடித்த பின்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தே இருந்தது. அதன் பிறகு அதே மட்டையை, படத்தில் உள்ளபடி கழுத்துப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, குறுக்குக்கு இரண்டு பவுண்டு கூட்டி, இரட்டைத் துண்டில் கட்டியதில், அளவுகோலில் பிடிபடும் வேறுபாடு எதுவும் இல்லை. முறை, திசை, இறுக்கம் மூன்றையும் ஒருசேர மாற்றியிருப்பதால் எல்லாப் பெருமையையும் இரட்டைத் துண்டுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் திசையை மாற்றும் உரிமையைத் தந்தது அதுதான். நரம்பு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், பிரேம் அப்படியல்ல என்பதால், எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

நீளத்தைத் தவறாகக் கணித்தால் ஒற்றைத் துண்டில் 10 மீட்டரும் வீணாகும். இரட்டையில் ஒரு துண்டு மட்டுமே போகும். நெடுக்குக்கு 0.67 மில்லிமீட்டர், குறுக்குக்கு 0.61 மில்லிமீட்டர் என இருவகைத் தடிமன் நரம்புகளோடு வரும் யோனெக்ஸ் ஏரோபைட் போன்றவற்றை ஒற்றைத் துண்டில் கட்டவே வழியில்லை.

28 பவுண்டுக்கு மேல் நான் கட்டியதில்லை. அந்த இறுக்கத்தில் நான்கு முடிச்சுகளின் தளர்வு எவ்வளவு உணரப்படும் என்பதை அங்கே விளையாடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். எந்த முறையானாலும், நரம்பு ஒன்று அறுந்த உடனே மீதியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வெட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒருபக்க இழுவிசையே பிரேமைக் கோணலாக்கிவிடும்.

என் அக்கா மகளின் பயிற்சி மட்டையை மட்டும் இன்றும் ஒற்றைத் துண்டில், 20 பவுண்டில், 0.70 மில்லிமீட்டர் யோனெக்ஸ் பி.ஜி.65 நரம்பு கொண்டு கட்டித் தருகிறேன். அதன் கட்டுமுறைப் படம் அதற்கு இடம் கொடுக்கிறது, சுருளில் எஞ்சும் நரம்பும் அதற்குப் போதுமானதாக இருக்கிறது.